சுண்ணாம்பு ஆகாத செடி

என் வாலுக்குட்டிக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டு சௌக்கியமாகத்தான் இருக்கிறோம், அவருக்கு முழங்கால் வலி, எனக்குப் பேசிப் பேசி வாய் வலி, வேறு ஒன்றும் இல்லை. அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, கழுத்துவரை கம்பளி போட்டுக்கொண்டு, இருமல் சளி இல்லாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்று எழுதினேனே தவிர முழுசாக நம்பவில்லை. போன கடிதத்தில் எல்லாரும் நல்லவர்கள், வேலை பிடித்திருக்கிறது, குளிர்கூடப் பழகிவிட்டது என்று எழுதியிருந்தாய். ஒரு குறைகூட இல்லாத கடிதத்தை நான் எப்படியம்மா நம்புவது? பள்ளிக்கூடத்தில் இத்தனை வருஷமாக மணியடிக்கிறவள், பிள்ளைகள் முழிக்கிற முழியைப் பார்த்தே சாக்பீஸ் யார் பையில் இருக்கிறதென்று சொல்கிறவள், எனக்கே காது குத்தப் பார்க்கிறாயா? போனில் கேட்கலாம் என்றால் நீ சிக்னலுக்காகப் பாறைமேல் ஏறி நிற்கிறாய், காற்று ஊய் ஊய் என்கிறது, பாதிப் பேச்சு பள்ளத்தில் விழுந்துவிடுகிறது. உன் அப்பாவுக்கோ பாம்புக் காது. போன் அடித்ததும் எனக்கென்ன என்று கொல்லைப்பக்கம் போய்விடுவார், போய்ச் சுவருக்கு அந்தப்பக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்பார். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். லாரிக்காரர் சாயங்காலம் உன் மலைக்குப் புறப்படுகிறார், அவரிடம் கொடுத்தனுப்புவேன். அவரையும் நம்புவதற்கில்லை, கவரை ஒட்டி, மேலே கறுப்பு நூலால் ஒரு ஓட்டுத் தையலும் போட்டிருக்கிறேன். நூல் அறுந்திருந்தால் மறக்காமல் எனக்குச் சொல்லு.

நீ அனுப்பின செடி உயிரோடு இருக்கிறது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாதியில் பதறிப்போய் மீதியைப் படிக்கமாட்டாய். ஆனால் நடுவில் போகத்தான் பார்த்தது, உனக்குத் தெரியாமல் மறைத்துவிட்டேன், எப்படி நடந்தது என்று எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்கிறேன். பாசியும் சாக்கும் சுற்றி லாரிக்காரர் அதைக் கொண்டுவந்து வாசலில் வைத்த அன்றே எனக்கு ஒரு சந்தேகம், சாக்கில் போட்டிருந்த முடிச்சு உன் முடிச்சு இல்லை. நீ போடுகிற முடிச்சு எனக்குத் தெரியாதா, ஒன்று தானாக அவிழும், இல்லாவிட்டால் அரிவாள்தான் வேண்டும். இது யாரோ பொறுமைசாலி போட்டது. அது கிடக்கட்டும், அதற்குப் பிறகு வருகிறேன். நீ கூடவே எழுதி அனுப்பின தாளை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்து, தினமும் ஒரு தரம் படித்துவிட்டுத்தான் செடியிடம் போவேன். மலையில் மேகம் வந்து உட்காருகிற உயரத்தில், பெரிய மரங்களின் காலடியில், உதிர்ந்த இலை மக்கிக் கறுத்துப்போன மண்ணில் வளர்கிற செடி, வேறெங்கும் கிடையாது, அந்த மலைக்கே சொந்தம் என்று எழுதியிருந்தாய். வேர் தலைமுடி மாதிரி மெல்லிசு, மேலாகத்தான் படரும், அதனால் கிட்டத்தில் கொத்தாதே, களை இருந்தால் கையால் கிள்ளு என்றாய். காலை வெயில் போதும், உச்சி வெயில் வேண்டாம், ஈரம் இருக்கணும், தண்ணீர் தேங்கக் கூடாது. வாடின பூவைக் காம்போடு திருகி எடுத்துவிடணும், விதை பிடிக்க விட்டால் செடிக்குத் தெம்பு போய்விடும். அடுத்த வருஷத்து மொக்கு இந்த வருஷமே கட்டிவிடும், அதனால் கண்ட நேரத்தில் கத்தரி வைக்காதே. கடுங்குளிரில் இலையெல்லாம் சுருட்டிக்கொண்டு தொங்கும், செத்துவிட்டதென்று ஒப்பாரி வைக்காதே, வெயில் வந்தால் விரித்துக்கொள்ளும். இலையை ஆடு தின்றால் ஆட்டுக்கு ஆபத்து. இத்தனைக்கும் மேலே அடிக்கோடு போட்டு, புளிப்பு மண்தான் வேண்டும், சுண்ணாம்பு ஆகவே ஆகாது, குழாய்த் தண்ணீர்கூட ஊற்றாதே, மழைத் தண்ணீர் பிடித்து வைத்து ஊற்று. அடேயப்பா, உன்னைப் பெற்றபோதுகூட எனக்கு யாரும் இவ்வளவு சட்டம் சொல்லவில்லை. பூ என்ன நிறம் என்று மட்டும் எழுதவில்லை, பூக்கும்போது பார்த்துக்கொள் என்று விட்டுவிட்டாய். கடைசியில், இது கீழே பிழைக்காதுன்னு இங்க எல்லாரும் சொல்றாங்கம்மா, நம்ம வீட்டுல பிழைக்கும்னு எனக்குத் தோணுது என்று ஒரு வரி. அந்த வரிதான் என்னை அரித்துக்கொண்டே இருந்தது. எங்களைச் சோதித்துப் பார்க்கிறாளோ என்று நினைத்தேன். உனக்கென்று மாடியில் அறை கட்டினார் உன் அப்பா, நீ அதில் ஒரு ராத்திரிகூடப் படுக்காமல் மலை வேலைக்குக் கிளம்பிவிட்டாய், நீ கிளம்பும்போது அவர் சாரத்தில் நின்று அந்த அறைக்குப் பூச்சு பூசிக்கொண்டிருந்தார், இறங்கவே இல்லை. அன்றைக்கு அறுந்த பேச்சு இன்றுவரை ஒட்டவில்லை. இந்தச் செடியும் நம் வீட்டில் பிழைக்கவில்லை என்றால் நீ இந்தப்பக்கம் திரும்பியே பார்க்கமாட்டாய் என்று எனக்குப் பட்டுவிட்டது. பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் பட்டது பட்டதுதான்.

உன் தாளை அவருக்கும் படித்துக் காட்டப் போனேன். முதல் வரி முடியவில்லை, அவ எழுதினதை எனக்குப் படிச்சுக் காட்டாத என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். கல்லுளிமங்கன் என்று ஒரு ஆள் நிஜமாகவே இருந்தால் அது கொத்து வேலை செய்கிற உன் அப்பாதான். சரி போ என்று நானே பொத்திப் பொத்திப் பார்த்துக்கொண்டேன். பழைய ஓட்டை வாளியில் நீ சொன்ன மாதிரி இலைமக்கு நிரப்பி, கொல்லையில் வேப்பம் நிழலும் காலை வெயிலும் சேர்ந்து விழுகிற இடமாகப் பார்த்து வைத்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து வந்தால் துணியில் ஒட்டின சாக்பீஸ் தூள்கூட, அதுவும் சுண்ணாம்பு ஜாதிதானே, அதன்மேல் விழக் கூடாதென்று வேறு துணி மாற்றிக்கொண்டுதான் கிட்டே போவேன். பக்கத்து வீட்டுத் தையல்காரியின் ஆடு வேலிச்சந்தில் மூக்கை நீட்டும், அதைக் கட்டிப்போடு என்று சொன்னேன், நல்லதுக்குத்தான் சொன்னேன், அவளுக்கு மூஞ்சி மாறிவிட்டது. என் ஆடு உங்க செடியைத் தின்னா செத்துரும்னு சொல்றீங்களே, அப்படிப்பட்ட விஷத்தை வீட்டுல எதுக்கு வளக்குறீங்க என்று கேட்டாள். அந்த நேரம் பார்த்து அவள் நடுச்சுவருக்கு வெள்ளையடிக்க ஆள் கூட்டிவந்தாள். சுண்ணாம்பு! நான் விடுவேனா? வாளியைக் கையில் பிடித்துக்கொண்டு குறுக்கே நின்றுவிட்டேன். பாதிச்சுவர் வெள்ளை, பாதிச்சுவர் அழுக்கு, அப்படியே நின்றுபோயிற்று. போகிறவர் வருகிறவர் எல்லாம் ஏன் என்று கேட்க, அவள் என் வீட்டைக் கையால் காட்டிக் காட்டிப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நடுவில் உன் சித்திக்கு உடம்பு சரியில்லை என்று அவள் வீட்டுக்குப் போய்ச் சில நாள் இருந்துவிட்டு வந்தேன், அவள் இப்போது தேவலை, உன்னைக் கேட்டாள். வந்து பார்த்தால் கொல்லையில் வாளியைக் காணோம். அப்புறம்தான் பார்க்கிறேன், செடி ஒரு சிமெண்டுத் தொட்டியில் நிற்கிறது. சாதாரணத் தொட்டியா அது! நாலு பக்கமும் விளிம்பில் வளைவு வைத்து, அடியில் கால் வைத்து, தண்ணீர் வடிய அளவாக ஓட்டை விட்டு, கரணையால் தேய்த்துத் தேய்த்து முகம் தெரிகிற மாதிரி வழவழப்பு. உன் அப்பா ஒன்றும் தெரியாதவர் மாதிரி திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என்ன இது என்று கேட்டேன். ஓட்டை வாளியில வெச்சா பார்க்கிறவன் என்ன நினைப்பான் என்றார், அவ்வளவுதான். எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. உன் பேரைச் சொல்லாத மனுஷன் உன் செடிக்கு வீடு கட்டியிருக்கிறாரே! உனக்கு உடனே எழுதியிருப்பேன், அவளுக்கு எழுதித் தொலைக்காத என்று அவர் என் கண்ணைப் பார்க்காமல் சொன்னதால் எழுதவில்லை.

மழை நின்று கொஞ்ச நாளில் இலை வெளுக்க ஆரம்பித்தது. நரம்பு மட்டும் பச்சையாக, நரம்புக்கு நடுவே மஞ்சளாக, நுனியில் தீய்ந்த மாதிரி. தண்ணீர் குறைந்ததோ என்று ஊற்றினேன், கூடிவிட்டதோ என்று நிறுத்தினேன், எதற்கும் கேட்கவில்லை. அப்போதே எனக்குப் பொறி தட்டியது, இது யாரோ செய்கிற வேலை. முதல் சந்தேகம் தையல்காரி மேல்தான், வேறு யார், பாதிச்சுவரைப் பார்க்கும்போதெல்லாம் அவள் வயிறு எரியாதா? ஒரு நாள் முழுக்கக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஜன்னலில் நின்றேன், அவள் வேலிப்பக்கம் வந்ததே ஆட்டைத் திட்டுவதற்குத்தான். அடுத்தது உனக்குக் கட்டின மாடி அறையில் இப்போது குடியிருக்கிற கம்பவுண்டர். மனுஷன் தினமும் ஆஸ்பத்திரியிலிருந்து சட்டைப்பையில் ஏதாவது ஒரு குப்பியோடு வருவார், நான் பார்த்தால் பையைக் கையால் மூடிக்கொள்வார். ஒரு நாள் அவர் தொட்டிப்பக்கம் குனிந்து எதையோ ஊற்றுவதைப் பார்த்துவிட்டேன். துடைப்பத்தோடு ஓடினேன், கையும் களவுமாகப் பிடித்தேன். திருதிருவென்று முழித்தார். கையில் இருந்தது ஆறிப்போன டீ. பால் போடாத டீத்தண்ணி அக்கா, புளிப்புச் செடிக்கு நல்லதுன்னு கேள்விப்பட்டேன், பாவமா இருந்துச்சு என்றார். சட்டைப்பைக் குப்பியில் என்ன என்று கேட்டேன். வெட்கப்பட்டுக்கொண்டே காட்டினார், தலைமுடி வளர்கிற தைலம். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு கோபமாகவே உள்ளே வந்துவிட்டேன்.

மிச்சம் யார்? நினைக்கவே மனசு கூசியது, ஆனால் நினைத்தேன். விடியக்காலையில் பால் வாங்க எழுந்தபோது கொல்லைக் கதவு திறந்து கிடந்தது. உன் அப்பா தொட்டி முன்னால் குந்தி உட்கார்ந்து, மண்ணுக்குள் கையை விட்டு, தொட்டியின் உள்பக்கத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். விரலில் வெள்ளையாக ஏதோ இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்துவிட்டது. அவ மேல இருக்கிற கோவத்தை இந்த வாயில்லாத செடி மேலயா காட்டுறீங்க, அதுக்குத்தான் இவ்வளவு அழகா தொட்டி கட்டினீங்களா, என்னத்தப் போட்டீங்க சொல்லுங்க என்று கத்திவிட்டேன். மாடியில் கம்பவுண்டர் ஜன்னல் திறந்து மூடிய சத்தம் கேட்டது. வேறு நாளாக இருந்தால் அவர் என்னைத் திட்டியிருப்பார், இல்லை துண்டை உதறிக்கொண்டு போயிருப்பார். அன்று இரண்டும் செய்யவில்லை. அந்த விரலையே பார்த்துக்கொண்டு, அவ என்ன எழுதியிருக்கா, கொண்டாந்து படி என்றார். வாலு, எத்தனை வருஷம் கழித்து அந்த வாயிலிருந்து உன்னைப் பற்றி ஒரு கேள்வி வருகிறது தெரியுமா? அதிலும் எனக்குச் சந்தேகம்தான், இதில் என்ன சூது என்று நினைத்துக்கொண்டே அலமாரிக் கதவிலிருந்து தாளைப் பிய்த்துக்கொண்டு வந்து படித்தேன். மேகம், மரம், மக்கின இலை, தலைமுடி வேர் எல்லாவற்றையும் தலையைக் குனிந்து கேட்டார். சுண்ணாம்பு ஆகவே ஆகாது என்ற இடம் வந்ததும் கையைத் தூக்கினார். சிமெண்டுல இருக்கிறது சுண்ணாம்புதானேடி, ஈரம் பட்டா கக்கும்ல என்றார், சொல்லிவிட்டு அந்த வெள்ளை விரலை எனக்குக் காட்டினார். தொட்டியின் உள்பக்கம் முழுக்க வெள்ளை பூத்துக் கிடந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் சட்டையிலிருந்து சிமெண்டை உதறித் துவைக்கிறவள் நான். சாக்பீஸ் தூளுக்குத் துணி மாற்றினேன், பக்கத்து வீட்டுச் சுவருக்குக் குறுக்கே நின்றேன், செடி நிற்கிற இடமே அதுதான் என்று எனக்குத் தோன்றவில்லையே! அவரும் ஒரு தரம் காது கொடுத்திருந்தால் கட்டியிருக்கமாட்டார், உன் பேச்சைக் கேட்கமாட்டேன் என்ற வீம்பில்தானே பாசத்தையெல்லாம் கொட்டி அதைக் கொல்லப் பார்த்தார்?

அப்புறம் போய் உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு வந்தார். அவர் கட்டினது எதுவும் இடிந்து நான் பார்த்ததில்லை, அவரே இடித்தும் பார்த்ததில்லை. ஒரே அடியில் உடைத்தால் வேர் அதிரும் என்று ஓரம் ஓரமாகக் கீறிக் கீறி, உச்சிவெயில் வரும்வரை உட்கார்ந்தார். சனியன், எவ்வளவு நல்ல கலவை, பெரிய பங்களாவுக்குக்கூட இப்படிப் போட்டதில்ல என்று சொல்லிக்கொண்டார். ஒரு பக்கம் பெயர்ந்து விழுந்ததும் செடியை மண்கட்டியோடு தூக்கி மடியில் வைத்துக்கொண்டு ஈரச்சாக்கைச் சுற்றினார், உன்னைக் குளிப்பாட்டித் துண்டில் சுற்றிக் கொடுத்தால் வாங்கிக்கொள்வாரே அப்படி. நல்லதுன்னு நினைச்சுத்தானே கட்டினேன் என்றார். தொட்டியைத்தான் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை, கேட்டிருந்தால் எழுந்து போயிருப்பார். கண் கலங்கியிருந்தது, தூசி என்று சொன்னார், நானும் தூசிதான் என்று சொல்லிவிட்டேன். பிறகு உள்ளே போனவர் ஒரு பெரிய சத்தத்தோடு எதையோ தரையில் கவிழ்த்தார். போய்ப் பார்த்தால் அவருடைய மரப்பெட்டி, நம்மில் யாரும் விரல் வைக்கக் கூடாத அந்தக் கருவிப் பெட்டி, நீ சின்னவளாக இருக்கும்போது அதன்மேல் ஏறி உட்கார்ந்ததற்கு முதுகில் ஒன்று வாங்கினாயே, அதுதான். கரணை, ரசமட்டம், தூக்குக்குண்டு எல்லாம் தரையில் சிதறிக் கிடக்க, பெட்டியின் அடியில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். மரம் ஒண்ணும் பண்ணாதுல்ல என்று என்னைக் கேட்டார். எனக்கென்ன தெரியும், தாளைப் பார்த்துவிட்டு ஒன்றும் பண்ணாது என்றேன். பழைய மண்ணில் வெள்ளை கலந்த ஓரத்தை மட்டும் விரலால் மெல்ல உதிர்த்துவிட்டு, கம்பவுண்டரையும் இழுத்துக்கொண்டு போய்ப் பூங்கா மரத்தடியிலிருந்து மக்கின இலையைச் சாக்கில் அள்ளி வந்தார், இரண்டு பேரும் சேர்ந்து மழைத்தண்ணீர் பீப்பாயை உருட்டிப் பக்கத்தில் வைத்தார்கள். நான் தையல்காரியிடம் போய் மன்னிப்புக் கேட்டேன், நாக்கு புரளவில்லை, ஆனாலும் கேட்டேன். சுவருக்குச் சுண்ணாம்பு மட்டும் இப்பவும் வேண்டாம், பெயிண்ட் அடித்துக்கொள் என்றேன். அவளுக்குப் பாதிக் கோபம்தான் போயிருக்கிறது, பாதிச்சுவர் மாதிரி.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கீழ் இலை சிலது உதிர்ந்துவிட்டது, உதிரட்டும். மேலே வந்த தளிர் நல்ல பச்சை, இலையின் அடியில் நீ சொன்ன மாதிரி பழுப்பாகக் கம்பளித் துணி போலச் சொரசொரப்பு. நுனியில் ஒரு மொட்டும் இருக்கிறது. ஒல்லியாக இருந்தால் இலைமொட்டு, குண்டாக இருந்தால் பூமொட்டு என்று எழுதியிருந்தாயே, உன் அப்பா குண்டு என்கிறார், கம்பவுண்டர் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்துவிட்டு ஒல்லி என்கிறார், எனக்கு ஒரு நாள் அப்படியும் ஒரு நாள் இப்படியும் தெரிகிறது. தினமும் விடிந்ததும் உன் அப்பா அதன் முன்னால் போய்க் குந்திக்கொள்கிறார். அங்கேயிருந்தே என்னிடம் கேள்வி மேல் கேள்வி. மலையில இது பாறை இடுக்கிலயா நிக்கும், மண்ணுலயா? மேல என்ன மரம்? பனி நேரா விழுமா? எனக்கென்ன தெரியும், அவளையே கேளுங்களேன் என்றேன். நேர்ல பார்த்தாத்தான் தெரியும் என்றார். செடியைப் பார்க்கவாம்! நான் நம்பிவிட்டேனா? அன்றே அவர் பையைச் சோதித்தேன், ஆமாம் சோதித்தேன், என் புத்தி அப்படித்தான். அடியில் ஒரு புதுக் கம்பளிக் குல்லாய், அதற்குள் ஒளித்து வைத்தாற்போலத் தூக்குக்குண்டு. செடி பார்க்கப் போகிறவருக்குச் சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கிற தூக்குக்குண்டு எதற்கு? நீ குடியிருக்கிற இடத்தில் சுவர் எப்படி நிற்கிறதென்று பார்க்காமல் அவருக்குத் தூக்கம் வராது, அதைச் சொல்லவும் வாய் வராது. லாரிக்காரரிடம் அடுத்த தடவை முன்சீட்டில் இரண்டு பேருக்கு இடம் இருக்குமா என்று காதோடு காதாகக் கேட்டிருக்கிறார், லாரிக்காரர் அதை நேராக என்னிடம் வந்து சொல்லிவிட்டார். இந்த ஒரு விஷயத்தில் அந்த மனுஷனை நான் மன்னித்துவிட்டேன்.

அதனால் நாங்கள் வருகிறோம். நான் எழுதினதாகக் காட்டிக்கொள்ளாதே, எதிர்பாராமல் பார்த்த மாதிரி வாயைப் பிளந்து நில், உனக்கு நடிப்பு வரும். அந்தப் பொறுமைசாலி முடிச்சு போட்டவர் யாரோ, அவரும் அன்றைக்கு அங்கேயே இருக்கட்டும், எதுவும் கேட்கமாட்டேன், முழியைப் பார்த்தால் எனக்குப் போதும். நீ நோய்நொடி இல்லாமல், மனசில் நினைத்ததெல்லாம் கைகூடி, நூறு வருஷம் நன்றாக இருக்கவேண்டும், உன் மலையும் உன்னைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளட்டும். ஒன்றே ஒன்று ஞாபகம் வைத்துக்கொள். அப்பா வந்ததும் பழசு எதையும் எடுக்காதே, அவரைக் கூட்டிக்கொண்டு போய் முதலில் மலையில் அந்தச் செடி நிற்கிற இடத்தைக் காட்டு. சுவரைப் பார்த்துவிட்டு எதையாவது இடித்துக் கட்டித் தருகிறேன் என்பார், நிச்சயம் சொல்வார். அப்போது சட்டென்று வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே. உனக்கு எது ஆகும், எது ஆகாது என்று நிதானமாக உட்காரவைத்துச் சொல்லு. இப்போதெல்லாம் கேட்டுவிட்டுத்தான் கட்டுகிறார்.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்,
அம்மா